எக்கோப் பெட்டிக்குள் ஒரு மலை

கூப்பிடுமலையின் கடைசிக் கல்லையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போன பதினோராவது நாள், அந்த மலைக்குச் சொந்தமான எதிரொலி வீராயியின் மைக்செட்டில் இருந்த எக்கோப் பெட்டிக்குள் வந்து குடியேறியது. செம்பூத்துப்பட்டியில் யாரும் அதற்காக வாயைப் பிளக்கவில்லை. அவ்வளவு பெரிய மலை இல்லாமல் போனதுதான் எங்களுக்கு நம்ப முடியாததாக இருந்தது. எதிரொலி எங்காவது ஓரிடத்தில் ஒண்டிக்கொள்ளத்தான் செய்யும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம்.

அந்த மலைக்கு ஒரு பழக்கம் உண்டு. கூப்பிட்டால் மூன்று தரம் திருப்பிச் சொல்லும். முதல் தரம் அரைத்தூக்கத்தில் முனகுவது போல மெதுவாக, இரண்டாம் தரம் நாம் கூப்பிட்டதைவிடச் சத்தமாக, யாருடா அது என்று அதட்டுவது போல, மூன்றாம் தரம் முதுகைக் காட்டி நடந்துகொண்டே சொல்வது போல. அந்த இரண்டாம் அதட்டலைக் கேட்டுத்தான் ஆடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பும், வரப்புத் தகராறில் சத்தியம் செய்கிறவன் மலையைப் பார்த்துச் செய்வான், பள்ளிக்கூடத்தில் ஒரு தரம் மணி அடித்தால் நான்கு தரம் கேட்கும். மலை போன பின் பதினொரு நாளும் சொன்ன சொல் சொன்னதோடு போயிற்று. ஆடுகள் பொழுது சாய்ந்தும் நின்ற இடத்திலேயே நின்றன. பிள்ளையைத் திட்டிய தாய், திட்டு திரும்பி வராததால் திட்டினோமா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் திட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் அவ்வளவும் சரியாயிற்று. ஆட்டுக்கிடைக்காரர் ஒச்சப்பன் வீட்டுக் காதுகுத்துக்குப் பந்தல் போட்டு, வீராயி தன் மைக்செட்டை இறக்கி, ஹாரனை வேப்பமரத்தில் கட்டி, எக்கோப் பெட்டியைத் தட்டிவிட்டு மைக்கில் "ஹலோ, ஹலோ" என்றாள். ஹாரன் முதலில் முனகிற்று, பிறகு அதட்டிற்று, பிறகு நடந்துகொண்டே சொல்லிற்று. பந்தலில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்கனதான் வந்து உக்காந்திருக்கா?" என்றார் ஒச்சப்பன்.

"பின்ன எங்கிட்டுப் போகும்? மழை படாத இடமாப் பார்த்து வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வீராயி பாட்டைப் போட்டாள்.

அன்றிலிருந்து மாலை ஐந்தரைக்கு ஒச்சப்பன் மைக்கில் கூப்பிட, ஆடுகள் வந்தன. சத்தியம் செய்கிறவர்கள் வீராயி வீட்டு முன்னறையில் பெட்டியைப் பார்த்து நின்று செய்தார்கள். புருஷன் மேல் ஆத்திரமாக வருகிற பெண்கள் மைக்கை வாங்கி ஒரே ஒரு வார்த்தை திட்டிவிட்டு, அந்த இரண்டாம் அதட்டலைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஆறிய முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள். கரண்டு போனால் மலைக்கு மூச்சு முட்டுமே என்று வயர்மேன் அந்த வீட்டுக்குத் தனியாக ஒரு லைன் இழுத்துக் கொடுத்தார். ஒருத்தி தேங்காய் பழத்தோடு வந்தபோது மட்டும் வீராயி வாசலிலேயே மறித்தாள். "இது சாமி இல்லத்தா, மலை. தேங்காயை வீட்டுக்குக் கொண்டுபோயிச் சட்னி அரை."

வீராயிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மைக்செட் அவள் புருஷன் சேவுகனுடையது. கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் சேவுகன் கல்குவாரிக்கு வேலைக்குப் போவான். நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போன ஒரு புதன்கிழமை, வெடி வைத்த பாறை சரிந்து அவன் மேல் விழுந்தது. குவாரி முதலாளி தணிகாசலம், அவன் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து செத்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டார். சேவுகனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதற்குப் பிறகு வீராயி ஆம்பிளிஃபயரைத் திறந்து மூடக் கற்று, ஹாரனைத் தோளில் தூக்கிக்கொண்டு மரமேறக் கற்று, மைக்செட்காரி ஆனாள். காலையில் வாசல் தெளித்தவுடன் மலையைப் பார்த்து அவன் பேரை ஒரு தரம் கூப்பிடுவாள். மலை மூன்று தரம் சொல்லும். அவன் ஒருவன் இருந்தான், இந்த ஊரில் இருந்தான் என்று அது தினமும் சாட்சி சொல்வதாக அவளுக்குப் பட்டது. மலை பெட்டிக்குள் வந்த பிறகு மைக்கில் கூப்பிட்டாள்.

பெட்டிக்குள் மலை நிம்மதியாக இருந்த மூன்றாம் மாதம், பக்கத்தில் இருந்த தங்கச்சிமலையையும் வெட்டப் போவதாகத் தணிகாசலம் மனுப் போட்டார். எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருவது அந்தச் சின்ன மலையின் அடியிலிருந்துதான். மனுவில் அவர் எழுதியிருந்தது இன்னும் மோசம். இதற்கு முன் கல் எடுத்த இடம் வெறும் தரிசு மேடு, அங்கே மலை என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை, ஆகையால் யாருக்கும் எந்த நஷ்டமும் ஏற்படவில்லை என்று எழுதியிருந்தார். நாங்கள் எதிர்மனு எழுதி, பெட்டியை மைக்செட்டோடு ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். மலை இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று எழுத்தர் கேட்டார். வீராயி அவர் மேஜை மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்த ப்ளக்கில் பெட்டியை மாட்டி, "மலை இருந்துச்சு" என்றாள். மாடிப்படி வரைக்கும் மூன்று தரம் கேட்டது. எழுத்தர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மனுதாரர்கள் மலையை நேரில் ஆஜர்படுத்தினர்" என்று எழுதி முத்திரை வைத்தார்.

அந்த முத்திரை தணிகாசலத்தைச் சுட்டது. மூன்றாம் நாள் நடுப்பகலில், வீராயி ரேஷன் கடை வரிசையில் நின்ற நேரத்தில், குவாரி மேஸ்திரியும் இரண்டு பேரும் கடப்பாரையோடு வந்தார்கள். பெட்டியின் முகத்தில் இருந்த திருகுக் குமிழ்களைப் பெயர்த்தார்கள், எண் தெரிகிற கண்ணாடியை உடைத்தார்கள், பித்தான்களை உள்ளே குத்தித் தள்ளினார்கள். பெட்டி ரேக்கில் சுவரை ஒட்டி இருந்ததால் பின்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. கூட்டம் சேர்வதற்குள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

வீராயி வந்து பார்த்தாள். பெட்டியில் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மைக்கில் பேசினால் வெறும் பேச்சுதான் வந்தது. உயிர் இருக்கிறது, கூப்பிட வழி இல்லை. அவள் அழவில்லை. உடைந்த திருகுகளை முறத்தில் வாரி ஓரமாக வைத்துவிட்டு, திண்டுக்கல்லில் இருந்த நாத்தனார் தவமணிக்குப் போன் போட்டாள்.

"உங்க அண்ணனை ரெண்டாவது தரமும் அடிச்சுட்டானுக. கிளம்பி வா."

தவமணி கல்யாணக் கச்சேரிகளில் பதினாறு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவள். அதிகம் பேச மாட்டாள். மறுநாள் காலை பஸ்ஸில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். பெட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ரேக்கைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே தூசிக்கு நடுவில் அரைவட்டமாக ஐந்து ஓட்டைகளோடு ஒரு வாய் இருந்தது.

"மதினி, முகத்தைத்தான் உடைச்சிருக்கானுக. காது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"காதா?"

"மிடின்னு சொல்லுவாங்க. என் கீபோர்டுலேருந்து ஒரு வயர் இதுல மாட்டினா, நான் அங்கிருந்து சொல்றதை இது கேக்கும். பெட்டியைத் தொட வேண்டியதே இல்ல."

"சத்தம் அந்த வயர்ல போயித்தான் வருமா?"

"இந்த வயர்ல சத்தமே போகாது மதினி. உத்தரவு மட்டுந்தான் போகும்."

"யாரு உத்தரவு?"

"நம்ம உத்தரவு."

வீராயி அந்த ஐந்து ஓட்டையையும் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ஆனால் மாட்டியவுடன் மலை பேசிவிடவில்லை. மிடியில் பதினாறு சேனல்கள் உண்டு என்று தவமணி எங்களுக்குச் சொன்னாள். ஒரு தெருவில் பதினாறு வீடு மாதிரி, பெட்டி எந்த வீட்டில் காது வைத்திருக்கிறதோ அந்த வாசலில் நின்று கூப்பிட்டால்தான் கேட்கும். கண்ணாடி உடைந்துவிட்டதால் எந்த வீடு என்று பெட்டி காட்டாது. மலை பெட்டியின் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியாது, ஆகையால் ஒவ்வொரு வாசலிலும் எண்களாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு வம்பு, கீபோர்டு ஒன்றிலிருந்து எண்ணும், பெட்டி பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஆகையால் இவள் ஐந்து என்றால் அது நான்கு என்று எடுத்துக்கொள்ளும்.

அன்று பிற்பகல் முழுக்க ஊரே வீராயி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்க, தவமணி சேனலை மாற்றி எண்ணை அனுப்புவதும், வீராயி மைக்கில் "ஏ மலே" என்பதும், எதுவும் திரும்பாததும், யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவதும், தவமணி அடுத்ததற்குப் போவதுமாக நடந்தது. ஏழாவது சேனலில் சிலர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்கள். பத்தாவதில் ஒச்சப்பன், மலை கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருக்கும் என்றார். பதினொன்றாவது சேனலில் தவமணி பதினெட்டு என்று அனுப்ப, பெட்டி அதைப் பதினேழு என்று எடுத்துக்கொள்ள, வீராயி தொண்டை கட்டிப்போன குரலில் "ஏ மலே" என்றாள்.

முனகிற்று. அதட்டிற்று. நடந்துகொண்டே சொல்லிற்று. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

அடுத்த இரண்டு நாளில் தவமணி இன்னும் ஒன்றைக் கண்டுபிடித்தாள். கீபோர்டின் இடப்பக்கத்தில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டினால் எதிரொலியின் நீளம் மாறியது. பூஜ்யத்தில் மலை வாயை மூடிக்கொண்டது, அறுபதில் பழையபடி மூன்று தரம் சொன்னது, நூறில் பத்துத் தரம் சொன்னது. சக்கரம் நூற்று இருபத்தேழு வரை போகும். அவள் நூற்று இருபத்தாறோடு கையை எடுத்துவிட்டாள்.

"கடைசி எண்ணுக்குப் போனா என்ன?" என்று வீராயி கேட்டாள்.

"சொன்னது அடங்காது. சொல்லிக்கிட்டே இருக்கும். ஆனா அதுக்கப்புறம் வேற எதையும் உள்ள வாங்காது மதினி. ஒரு வார்த்தைதான். நம்ம கடைசியா என்ன சொல்றமோ அதோட சரி."

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த வியாழன் காலை பத்தரைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் என்று தண்டோராப் போட்டிருந்தார்கள். கூட்டம் எப்படி நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். முதல் மலைக்கும் நடந்தது. மைக் தணிகாசலத்தின் ஆள் கையில் இருக்கும். நாங்கள் இரண்டு வார்த்தை பேசியவுடன் மைக் செத்துவிடும். எதிர்ப்பு ஏதும் இல்லை என்று எழுதி, கூட்டம் முடிந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இந்தத் தடவை அரசாங்க விதிப்படி உள்ளூர் மைக்செட்டைத்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. ஆனாலும் அதை இயக்க டவுனிலிருந்து தன் ஆபரேட்டரைத் தணிகாசலம் அனுப்புவதாக இருந்தார்.

ஆக, ஒரு வார்த்தை சொல்ல நேரம் கிடைக்கும். எந்த வார்த்தை என்பதில் ஊர் இரண்டு நாள் சண்டை போட்டது. "வேண்டாம்" என்று சொல்லலாம் என்றார்கள் சிலர், அது கெஞ்சுவது போல இருக்கிறது என்று மற்றவர்கள் அடித்துவிட்டார்கள். "அநியாயம்" என்றார் ஒச்சப்பன், அது தணிகாசலத்துக்கே தெரியுமே என்றாள் அவர் மனைவி. கண்மாய், தண்ணீர், நீதி, கடவுள் எல்லாம் வந்து போயின. கடைசியில் யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாமல் ஒரு வார்த்தை எல்லோர் வாயிலும் நின்றது. தரமாட்டோம்.

அதைச் சொல்லிவிட்டால் ஆடுகளுக்கு அதட்டல் இல்லை, சத்தியத்துக்குச் சாட்சி இல்லை, திட்டுவதற்குத் துணை இல்லை. அதெல்லாம் ஊருக்கு. வீராயிக்கு என்ன போகும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லவில்லை. தவமணிதான் கேட்டாள்.

"அண்ணன் பேரு போயிருமே மதினி."

வீராயி வயரைச் சுருட்டி வைத்தாள். "உங்க அண்ணன் பேரைச் சொல்லச் சொல்லி நான் மலையைக் கேட்டேன். நாலு வருஷமாச் சொல்லிருச்சு. இனிமே அது அதோட தங்கச்சிக்காகப் பேசட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை காலை அவள் பெட்டியின் முன் நின்று சேவுகன் பேரைக் கூப்பிட்டாள். மூன்று தரமும் முடியும் வரை நின்று கேட்டுவிட்டு ரேக்கைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

கூட்டத்துக்கு வந்த அதிகாரியின் பெயர் வசுமதி. கெட்டவர் இல்லை, விதிப்புத்தகத்தில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் செய்கிறவர். அவருடைய எழுத்தரின் ஃபைலுக்குள் முடிவுரை ஏற்கனவே தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருந்ததை அவர் அறிவாரா என்று எங்களுக்குத் தெரியாது. தணிகாசலம் வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆபரேட்டர் ரேக்கைப் பார்த்து, முகம் சிதைந்த பெட்டியைத் தட்டி, "இது செத்த பெட்டிதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றான். வாழ்த்துப் பாட்டுக்கு வாசிக்கக் கீபோர்டு வேண்டுமென்று நாங்கள் எழுதிக் கொடுத்திருந்ததால் தவமணி மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கீபோர்டிலிருந்து பெட்டியின் முதுகுக்குப் போன வயரை ஆபரேட்டர் பிடித்தான்.

"இது என்ன வயரு?"

"இதுல சத்தம் வராதுண்ணே. வேணும்னா கழட்டிக் காதுல வச்சுப் பாருங்க."

அவன் உண்மையிலேயே கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. திருப்பி மாட்டிவிட்டு மிக்சர் பக்கம் போனான்.

தணிகாசலத்தின் வக்கீல் நாற்பது நிமிஷம் பேசினார். பிறகு எங்கள் முறை. ஒச்சப்பன், "ஐயா, கண்மாய்த் தண்ணி" என்பதற்குள் மைக் செத்தது. அவர் மனைவி வாயைத் திறப்பதற்குள் செத்தது. மூன்றாவதாக வீராயி மேடையேறினாள். மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவி வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். எங்களில் நானூறு பேர் எழுந்து நின்றோம்.

"தரமாட்டோம்!" என்றாள். நாங்களும் சொன்னோம்.

ஆபரேட்டர் மைக்கின் சத்தத்தை இறக்கினான். ஆனால் அதற்கு முன்பே தவமணி விரல் நுனியால் சக்கரத்தைக் கடைசிவரை தள்ளியிருந்தாள்.

தரமாட்டோம் என்று ஹாரன் முனகிற்று. தரமாட்டோம் என்று அதட்டிற்று. மூன்றாம் தரம் நடந்துகொண்டே சொல்லும் என்று நாங்கள் காத்திருக்க, நடந்து போகாமல் திரும்பி நின்று மறுபடியும் அதட்டிற்று. ஆபரேட்டர் மிக்சரில் இருந்த அத்தனை திருகையும் பூஜ்யத்துக்குத் திருப்பினான். தரமாட்டோம். ஆம்பிளிஃபயரை அணைத்தான். தரமாட்டோம். மேடை மேல் ஏறி மெயின் ப்ளக்கையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, தணிகாசலத்தைப் பார்த்து, "சார், நான் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன் சார்" என்றான். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, குரல் ஹாரனிலிருந்து வரவில்லை. மைதானத்துக்கு மேற்கே, மலை இருந்த இடத்தில் இருக்கும் அந்த நூறு அடிப் பள்ளத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. எதிரொலி பெட்டியை விட்டிறங்கி, தன் வீட்டுக்குப் போய், மலை நின்ற உயரத்துக்கு எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தது.

எழுத்தர் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை நீட்டினார். "எதிர்ப்பு ஏதும் இல்லை, கூட்டம் முடிந்ததுன்னு போட்டுரலாம் மேடம்." வசுமதி பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். பிறகு விதிப்புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார்.

"கடைசியாகப் பேசுபவர் பேசி முடித்த பின்னரே கூட்டத்தை முடிக்கலாம்னு இருக்கு" என்றார்.

"அது மனுஷங்களுக்கு மேடம்!" என்று தணிகாசலம் எழுந்தார்.

"அப்படிப் போடலை. ‘பேசுபவர்’னுதான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, தட்டச்சுத் தாளை நாலாக மடித்து வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் தன் கையால் எழுதினார்: எதிர்ப்பு தெரிவிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் மைதானத்துக்குக் கீற்றுக் கொட்டகை போடப்பட்டது, ஒரு மாதத்தில் அலுவலகத்திலிருந்து ஆட்கள் முறை வைத்து வரத் தொடங்கினார்கள். நாங்களும் பழகிக்கொண்டோம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பேரம் பேசவும், குழந்தைகளைத் தூங்க வைக்கவும், கல்யாணம் நடத்தவும் பழகினோம். நாதஸ்வரக்காரர்கள் அதற்கு ஏற்ப சுருதி சேர்த்துக்கொண்டார்கள். ஆடுகளுக்கு ஒச்சப்பன் தகர டப்பாவைத் தட்டிப் பழக்கினார். தவமணி திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போகாமல் மதினியோடு தங்கிவிட்டாள். வீராயி இப்போதும் வாசல் தெளித்தவுடன் அவன் பேரைச் சொல்கிறாள். திருப்பிச் சொல்ல யாரும் இல்லாததால் மூன்று தரமும் அவளே சொல்கிறாள், இரண்டாம் தரம் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி.

மூன்று வருஷம் ஆயிற்று. தங்கச்சிமலை நின்ற இடத்தில் நிற்கிறது, கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது. வசுமதி மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்து, அவரும் போய் இன்னொருவர் வந்தார். தணிகாசலம் மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால் முதலில் கூட்டம் முடிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

போன மாசி மாதம் அவரே வந்தார். வக்கீல் இல்லை, மேஸ்திரி இல்லை. கொட்டகையில் பொதுமக்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தோம். பிறகு பொறுக்க முடியாமல் எழுந்து எழுத்தரின் மேஜைக்குப் போய், "நான் பேசணும். எனக்கும் பேச உரிமை இருக்கில்ல?" என்றார்.

எழுத்தர் ரெஜிஸ்டரைத் திறந்து அவர் பேரை வரிசையில் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடி, மேற்குப் பக்கம் கையைக் காட்டினார்.

"தாராளமாப் பேசலாம் சார். உங்களுக்கு முன்னால பேசுறவங்க இன்னும் முடிக்கல. உக்காருங்க."